தவளை இல்லாத கிணறுகள்

அவள் வென்றவற்றை முதலில் சொல்லிவிட வேண்டும்.

திக்குவாயை வென்றாள். முழுக்க வென்றாள் என்று சொன்னால் பொய். கடைக்குப் போய்க் கத்தரிக்கோல் கேட்டால், இன்றைக்கும் முதல் எழுத்து அவளை வாசலில் நிறுத்தி வைத்துத்தான் உள்ளே விடும். ஆனால் கதை சொல்ல உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் ஒரு சொல் தட்டாது. உப்புப் பூத்த மண்ணை வென்றாள். புல்கூட முளைக்க யோசிக்கிற கொல்லையில் நூற்றுப் பதினேழு செடி வளர்த்தாள். வண்டி ஓட்டத் தெரியாமலே, உலகத்தை மூன்று முறை சுற்றி வருகிற தூரம் பொட்டல் வெளியில் பயணம் செய்தாள். பன்னிரண்டு புத்தகம் எழுதினாள். ஐந்து கிணறுகளுக்கு இரும்பு மூடி போட வைத்தாள். கடைசியாக, ஒரு கையெழுத்தை வென்றாள்.

அதற்குப் பிறகு உடைந்த ஜன்னல்களையும், அதற்கு முன் ஒரே காலையில் கருகிப்போன கொல்லையையும் இதில் சேர்க்க வேண்டாம் என்று அவளே அக்காவிடம் சொல்லிவிட்டாள். "ஜெயிச்சதச் சொல்லும்போது தோத்தது எதுக்குக்கா?"

பன்னிரண்டு புத்தகம் எழுதியவளுக்குக் கையெழுத்துப் போடுவது ஒரு வெற்றியா என்று யாரும் கேட்கலாம். அதற்கு அப்பாவிடமிருந்து தொடங்க வேண்டும்.

அப்பா, தெருக்குழாய்களுக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்ப் அறையில் வேலை பார்த்தார். விடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் பிடிப்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், ஒரு சொட்டை நாக்கில் வைப்பார். பிறகு பதிவேட்டில் 'நீர் நலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஒரு கோடையில் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். மேலதிகாரி பதிவேட்டை வீட்டுக்கே கொண்டுவந்தார்.

"ஏழு நாளைக்கும் ஒரேயடியாப் போட்டுக் குடுத்துடுங்க. எனக்கும் ஒரு தொல்லை விட்டுது."

அப்பா தலையணையில் சாய்ந்தபடி ஏழு முறை 'நீர் நலம்' என்று எழுதி, ஏழு முறை கையெழுத்துப் போட்டார். அந்த வாரம்தான் குழாயில் சாக்கடை கலந்தது. தெருவில் ஒன்பது பேர் போனார்கள். விசாரணைக்கு வந்தவர்கள் பதிவேட்டைத் திறந்தார்கள். அதில் அப்பாவின் கையைத் தவிர வேறு யாருடைய கையும் இல்லை.

அதற்குப் பிறகு அவர் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் நாற்காலியில் உட்காருவார். அப்படியே இருந்து, அப்படியே போய்ச் சேர்ந்தார். அம்மா இரண்டு சட்டம் போட்டாள். ஒன்று, காய்ச்சி வடிகட்டாத தண்ணீர் இந்த வீட்டில் எந்தப் பாத்திரத்திலும் நிற்கக் கூடாது. இரண்டு, இந்த வீட்டுப் பிள்ளைகள் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது. கட்டைவிரல் எதற்கு இருக்கிறது?

அக்காவுக்கு அப்போது வயது பன்னிரண்டு, தங்கைக்கு ஐந்து. அக்கா ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். தங்கைக்கு அந்தக் கோடையில்தான் வாய் திக்க ஆரம்பித்தது. விட்டுவிட்டுப் பேசுவதால் தெருப் பிள்ளைகள் அவளுக்குத் 'தந்தி' என்று பெயர் வைத்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. தந்தி கொல்லைக்குப் போய்விடுவாள். அங்கே ஒரு கற்றாழையும் ஒரு மாதுளங்கன்றும் இருந்தன. அவற்றிடம் கதை சொன்னாள். செடிகளிடம் திக்கவில்லை. இதை முதலில் கவனித்தவள் அக்கா. மெஷினை நிறுத்திவிட்டு, மூச்சு விடாமல், பின்கதவின் இடுக்கு வழியாகக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

படித்தாள் தந்தி. பரீட்சை மண்டபத்தில் மை டப்பா கேட்ட ஒரே மாணவி அவள்தான். முதல் புத்தகத்துக்குப் பதிப்பகத்துக்காரர் ஒப்பந்தத்தை நீட்டியபோதும் கைப்பையிலிருந்து மை டப்பாதான் வந்தது.

"ஏம்மா, இதை எழுதினது நீங்கதானே?"

"எ... எழுதினது நான்தான். ஒத்துக்கறது என் வெரல்."

அந்தப் பதிலை அக்கா கடைக்கு வந்த ஆளுக்கெல்லாம் சொன்னாள். பிளவுஸ் தைக்கக் கொடுத்தவர்கள் தைத்து வாங்குவதற்குள் இரண்டு முறை கேட்டிருப்பார்கள்.

தங்கைக்குப் புத்தக வண்டியில் வேலை கிடைத்தது. செவ்வாய்க்கிழமை கிளம்பினால் வியாழன் மாலை திரும்பும். பதினான்கு நிறுத்தம். முதல் நிறுத்தம் வீட்டுத் தெருமுனை. பதினான்காவது, பொட்டலின் கடைசியில் நிற்கும் சாய ஆலையின் சுற்றுச்சுவர். புத்தகம் கொடுத்து வாங்கி முடித்ததும் வண்டி நிழலில் உட்கார்ந்து ஒரு கதை சொல்லுவாள். கதைக்குக் கூலி விதை. ஒரு கைப்பிடி விதை, இல்லையென்றால் ஒரு குச்சி. கொல்லையில் பதினான்கு வரிசை போட்டு, எந்த நிறுத்தத்து விதையோ அந்த வரிசையில் ஊன்றினாள். ஒவ்வொரு செடிக்கும் அக்கா துணிச் சீட்டில் நூலால் தேதி தைத்துக் கட்டினாள். மை வெயிலில் அழியும், நூல் அழியாது.

ஓடுகிற வண்டியில் பென்சிலால் கிறுக்கிய குறிப்புகளை ஞாயிற்றுக்கிழமை அக்கா கட்டம் போட்ட நோட்டில் திருத்தமாக எழுதுவாள். தேதி, நிறுத்தம், சொன்ன கதை, வந்த விதை, கிணறு. கிணறு என்ற கட்டம் தங்கையின் பழக்கத்தால் வந்தது. அப்பாவின் மகள் அல்லவா, எங்கே போனாலும் முதலில் கிணற்றை எட்டிப் பார்ப்பாள். 'பத்தடித் தண்ணீர், நாலு தவளை', 'சேறு, இரண்டு தவளை' என்று ஒரு வரி எழுதுவாள். இருபது வருடம் அந்தக் கட்டத்தில் தவளைகள் குதித்துக்கொண்டிருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா நோட்டில் பேனாவை வைத்தவள் எடுக்கவில்லை. பதினான்காம் நிறுத்தம்: தவளை இல்லை. கோடைக்குத் தவளை மண்ணுக்குள் போகும் என்று விட்டுவிட்டாள். அடுத்த வருடம் பதின்மூன்றும் பன்னிரண்டும். தவளை இல்லை, தவளை இல்லை. அதற்கடுத்த வருடம் பதினொன்று. போன மாசியில் பத்து.

அவள் பழைய நோட்டுகளை எடுத்து வரிசையாகத் தரையில் பரப்பினாள். தையல்காரிக்கு அளவு சொல்லித்தர வேண்டாம். நாடாவை ஓர் ஓரத்தில் பிடித்து இழுத்தால் மறு ஓரம் எங்கே வந்து நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். பதினான்கு, பதின்மூன்று, பன்னிரண்டு, பதினொன்று, பத்து. மறு ஓரத்தில் ஒன்று என்பது இந்தத் தெரு. அக்கா தங்கையைக் கூப்பிட்டாள்.

"எதுவோ நம்மள நோக்கி நடந்து வருதுடி," என்றாள்.

தங்கை நோட்டுகளை மண்டியிட்டுப் பார்த்தாள். வண்டி டிரைவரும் அன்றைக்கு இருந்தார். கல்லைக்கூடச் சிரிக்க வைக்கிற ஆள்.

"நானும் பாக்கறேங்க்கா," என்றார். "அந்த ஆலைக்குள்ள கழிவுத்தண்ணி லாரி ரொம்பி வழிய உள்ள போவுது, காலியா வெளிய வருது. உள்ள என்ன ஏரியா வெட்டி வெச்சிருக்கானுங்க? வத்திப்போன போர்வெல் குழி ஒண்ணு இருக்காம். அதுல எறக்கறாங்கன்னு எங்க ஊருல பேச்சு. குழி ரொம்பவே மாட்டேங்குதாம். அவ்வளவு பசி அதுக்கு."

அவர் வீடு பத்தாம் நிறுத்தத்தில். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

அடுத்த வியாழன் தங்கை ஐந்து கிணற்றுத் தண்ணீரை ஐந்து பாட்டிலில் கொண்டுவந்தாள். வெள்ளிக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாளாம், அப்பாவைப் போல. போர்வைக்குள்ளிருந்து சொன்னாள்: "அ... அக்கா, பரிசோதனைக் கூடத்துல திங்கக்கிழமைக்குள்ள குடுத்துடணும். நீ போறியா?"

"எதுக்குடி கவலை, நான் எதுக்கு இருக்கேன்?"

அக்கா ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் ஒரு நிற நூல் கட்டினாள். பதினான்குக்குச் சிவப்பு, பதின்மூன்றுக்கு மஞ்சள், இப்படி. மூடியைத் திறந்து மோந்தாள். சாயக்கடை நாற்றம். அடியில் கசடு. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நாற்பது வருடப் பழக்கம், கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. ஐந்தையும் தனித்தனியே கொதிக்கக் காய்ச்சினாள். லைனிங் துணியை நாலாய் மடித்து வடிகட்டினாள். பாட்டில்களைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்து, காய்ந்த பிறகு ஊற்றினாள். ஒன்றுக்கொன்று மாறாமல் நூலைப் பார்த்துப் பார்த்து ஊற்றினாள். ஒரு சொட்டு இடம் மாறவில்லை.

பரிசோதனைக் கூடத்துக்காரர் பாட்டில்களைத் தூக்கிப் பார்த்து, "இவ்வளவு சுத்தமா யாருமே கொண்டாந்ததில்லம்மா," என்றார். வீடு வரைக்கும் அந்தப் பாராட்டு அவளோடு நடந்து வந்தது.

பத்தாம் நாள் முடிவு வந்தது. ஐந்தும் குடிக்க ஏற்றவை. அக்காவுக்கு நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. தங்கை மட்டும் அந்தத் தாளை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். "நாக்கு பொய் சொல்லுமாக்கா?" என்றாள். "காய்ச்சக்கார நாக்கு சொல்லும்," என்று அக்கா அவள் வாயை அடைத்தாள்.

அதே வாரம் ஐந்து கிணற்றுச் சுவரிலும் அந்த முடிவின் நகலை யாரோ பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். வழவழப்பான நல்ல தாள். யாருக்கு அதில் இவ்வளவு அக்கறை என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நாற்றத்துக்குப் பயந்து மூன்று மைல் நடந்து வேறு தண்ணீர் சுமந்துகொண்டிருந்தவர்கள் தாளைப் படித்தார்கள், படிக்கத் தெரியாதவர்கள் படிக்கக் கேட்டார்கள், கிணற்றில் வாளியை இறக்கினார்கள்.

ஒரு மாதம் கழித்து டிரைவர் தையல் கடைக்கு வந்தார். மதியம். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எப்போதும் வாசலிலேயே ஏதாவது கிண்டல் அடித்துக்கொண்டு நுழைகிறவர், வந்து பெஞ்சில் உட்கார்ந்து தொப்பியைக் கையில் சுற்றினார்.

"என் வீட்டுக்காரிய ஆஸ்பத்திரியில சேத்துருக்கேங்க்கா. இந்த வாரம் வண்டி போவாது. கண்ணு மங்கிப் போச்சு. நானே நெழல் மாதிரி தெரியுறேன்னு சொல்றா."

"ஐயோ. தண்ணியக் காய்ச்சிக் குடிக்கலயா?"

"வெறகு ஏதுக்கா நமக்கு? ஒருநாள் காய்ச்சினா. கொதிக்கக் கொதிக்க அந்த நாத்தம் ஆவியாப் போயி, தண்ணி நல்லாத்தான் இருந்துச்சாம். அப்புறம் ரிப்போர்ட்டே நல்ல தண்ணின்னு சொல்லுதே, எதுக்குக் காய்ச்சணும்னு விட்டுட்டா."

மெஷின் நின்றது. ஊசி துணிக்குள் இறங்கியபடியே நின்றது. கொதித்தால் போய்விடும் நாற்றம். அக்கா தன் இரண்டு கையையும் பார்த்தாள். பிறகு வலது கை, அவளுக்குத் தெரியாமலே, தொடைக்கு அடியில் போனது.

அன்றைக்கு அவள் வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. இதை அறிந்தவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். சொல்லாவிட்டால் வீடு அப்படியே இருக்கும், செடிகள் பூக்கும், தங்கை பதின்மூன்றாவது புத்தகத்தை எழுதுவாள். சொன்னால் தங்கை சும்மா இருக்க மாட்டாள். திக்கித் திக்கியாவது ஊரைக் கூட்டிவிடுவாள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? அக்கா தனக்குத்தானே இப்படியெல்லாம் சொல்லிக்கொண்டு தைத்தாள். மாலையில் பார்த்தால் ஒரு சட்டைக்குக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்திருந்தாள். நாற்பது வருடத்தில் முதல் தடவை. அந்தச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே கொல்லைக்குப் போனாள்.

தங்கை பத்தாம் வரிசையில் குந்தி மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தாள்.

"அந்த அஞ்சு பாட்டிலையும் நான் காய்ச்சி வடிகட்டித்தான்டி குடுத்தேன்."

கொத்து நின்றது. "கா... கா..." அந்தச் சொல் வரவில்லை. நாற்பது வருடத்துக்கு முந்தைய தந்தி மறுபடி வந்து மண்ணில் உட்கார்ந்திருந்தாள். "காய்ச்சினியா?"

"கை பழக்கம்டி. வேணும்னு செய்யல. ஆனா வேணும்னு ரெண்டு நாள் சொல்லாம இருந்தேன். அதுவும் உண்மை."

தங்கை களைக்கொத்தைக் கீழே வைத்தாள். பிறகு, சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்தது. "அம்மா வளத்த புள்ள நீ. அம்மா போட்ட சட்டம் ரெண்டு. ஒண்ணு நீ காப்பாத்திட்ட. இன்னொண்ண நான் ஒடைக்கணும் போல."

மறுநாள் காலை இருவரும் நீர்வள அலுவலகத்துக்குப் போனார்கள். சுவரோரம் கட்டுக்கட்டாகக் கோப்புகள். அவற்றின் நடுவில் தலை மட்டும் தெரிகிற ஒரு எழுத்தர்.

"ஒரு முடிவு வந்தா ஒரு வருஷத்துக்கு மறு பரிசோதனை கெடையாதும்மா. தண்ணி எடுத்துக் குடுத்தவங்களே 'மாதிரி கெட்டுப்போச்சு, இந்தத் தண்ணி நல்லதில்ல, பொய்யானா தண்டனைக்கு நானே பொறுப்பு'ன்னு எழுதிக் குடுத்தா செய்வோம்."

"நான் கைநாட்டு வெக்கறேன்," என்றாள் அக்கா. "கெடுத்தது நான்."

"எடுத்தது யாரு? இவங்கதானே? இவங்க போடணும். கைநாட்டும் செல்லாது. புத்தகம் எழுதறவங்க கைநாட்டு வெச்சா, நாளைக்கே 'என் வெரலப் புடிச்சு அழுத்திட்டாங்க'ன்னு ஒருத்தன் சொல்லுவான். கையெழுத்துதான் வேணும். நாளைக்கு எழுதிக் கொண்டாங்க."

காலையில் அங்கே பேசியது மாலையில் தெருவுக்கு வந்துவிட்டது. தையல் கடை வாசலில் ஒருவர் நின்றார். மழை மறந்துபோன ஊரில் கையில் கருப்புக் குடை. ஆலையில் என்ன வேலை என்று அவர் சொல்லவில்லை. குடையின் ஒரு மடிப்புக் கிழிந்திருப்பதாகவும் தைத்துத் தர வேண்டும் என்றும் சொன்னார்.

"மழையே இல்லையே," என்றாள் அக்கா.

"வரும்போது தேடக் கூடாதில்லம்மா? முன்கூட்டியே பாத்து வெச்சுக்கறது என் பழக்கம்." பெஞ்சில் உட்கார்ந்து, கொல்லைப் பக்கம் பார்த்தார். "பதினாலு வரிசையாமே? தங்கச்சிக்குக் கைராசிம்மா. அவங்களுக்குக் கையெழுத்துப் போடற பழக்கம் இல்லன்னு கேள்விப்பட்டேன். நல்ல பழக்கம். உங்க அப்பா லேட்டாத்தான் கத்துக்கிட்டாரு."

அக்கா ஊசியில் நூல் கோத்தாள். குடையைத் தைத்துக் கொடுத்தாள். தையல் ஒழுங்காகவே இருந்தது, நேற்றைய காலரைப் போலப் பிசகவில்லை.

"ரொம்ப நேர்த்தி," என்றார் அவர். "பாட்டில்கூட நேர்த்தியாக் கழுவியிருந்தீங்களாம்."

விடிந்து அக்கா பின்கதவைத் திறந்தாள். சாயக்கடை நாற்றம் முகத்தில் அடித்தது. பதினான்கு வரிசையும் வேரிலிருந்து நுனி வரைக்கும் பழுப்பாக நின்றது. மாதுளை இலையைத் தொட்டாள், விரலில் பொடியாக வந்தது. வாளிகளில் ஒட்டியிருந்த ஈரம் ஒரு மாதிரி மினுங்கியது. கொல்லைக் கிணற்றை எட்டிப் பார்த்தாள். நேற்று வரை அங்கே கத்திக்கொண்டிருந்த இரண்டு தவளைகளும் வெள்ளை வயிற்றை மேலே காட்டி மிதந்தன. நடந்து வந்துகொண்டிருந்ததை யாரோ வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

துணிச் சீட்டுகள் மட்டும் காற்றில் ஆடின. நூலில் தைத்த தேதிகள் அப்படியே இருந்தன.

"வேணாம்டி," என்றாள் அக்கா. "அப்பா கையெழுத்து அப்பாவத் தின்னுச்சு. இது உன்னத் தின்னும். வேற யாராவது போடட்டும். பூனைக்கு மணி கட்ட நம்ம வீடுதானா கெடச்சுது?"

தங்கை ஒவ்வொரு செடியாகச் சீட்டை அவிழ்த்தாள். நூற்றுப் பதினேழையும் அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள். கதை சொல்லும்போது வருகிற குரல் வந்தது. ஒரு சொல் தட்டவில்லை.

"அப்பா பாக்காத தண்ணிக்குப் போட்டாருக்கா. நான் பாத்த தண்ணிக்குப் போடறேன். ரெண்டும் ஒண்ணா?"

அக்கா உள்ளே போய், நோட்டு எழுதுகிற பேனாவையும் நல்ல தாளையும் எடுத்து வந்தாள். தங்கை சொல்லச் சொல்ல அவளே எழுதினாள். ஒரு இடத்தில் தங்கை, "மாதிரிகள் என் வீட்டில் தவறுதலாக," என்றாள்.

"என் வீட்டில் என்ன என் வீட்டில்? என் அக்கான்னு சொல்லு. என் பேரைச் சொல்லு." அக்கா தன் பெயரைத் தானே, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள். மூன்று வருடத்து நோட்டுகளையும் கூடவே கட்டினாள். கடைசி வரியைத் தங்கை சொன்னாள். அக்கா எழுதினாள்: நீர் நலம் இல்லை.

அலுவலக நடையில் பெஞ்சின் ஓரத்தில் குடைக்காரர் உட்கார்ந்திருந்தார். எழுந்து வணக்கம் சொன்னார். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர், அவர்கள் சொல்லவில்லை. டிரைவர் வாசலில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தார்.

எழுத்தர் தாளை முழுக்கப் படித்தார். பழக்கத்தில் மை டப்பாவை எடுத்து முன்னால் தள்ளினார். தங்கை அதை மெல்ல நகர்த்தி வைத்தாள். பேனாவை எடுத்தவள் தாளின் மேல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு புத்தகம் எழுதிய கை.

"எ... எப்படிக்கா போடறது?"

"சுழிச்சுப் போடாத. எல்லாருக்கும் புரியற மாதிரி எழுது."

அவள் முதலில் அப்பாவின் பெயரை எழுதினாள். முதலெழுத்தாகச் சுருக்காமல் முழுப் பெயரும். அதன் பக்கத்தில் தன் பெயர். மெதுவாகத்தான் வந்தது, ஆனால் ஒரு எழுத்துகூட நடுங்கவில்லை. அக்கா கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள். நேர்கோட்டில் இருந்தது.

நடையில் குடை தரையில் தட்டுகிற சத்தம் எழுந்து, வாசலை நோக்கிப் போய், டிரைவரின் வண்டிப் பக்கம் நின்றது.

"கீழ தேதி போடுங்கம்மா," என்றார் எழுத்தர்.

தங்கைக்குத் தேதி எப்போதும் நினைவிருக்காது. அக்காதான் சொன்னாள், அவள் எழுதினாள்.

2013 ஏப்ரல் 11, வியாழக்கிழமை.